ஒற்றைக்கல் சுவர்

பஞ்சு தரவா என்றார் மெடிக்கல்காரர்.
பஞ்செல்லாம் பார்த்தாச்சு அண்ணே,
கிரைண்டருக்கு முன்னால் அது நிற்காது.
ஆரஞ்சு நிறத்தில் நுரைக்குச்சி இரண்டைக்
குட்டி டப்பாவில் போட்டுத் தந்தார்.
நாற்பது ரூபாய்.

இரவெல்லாம் நூற்றியெட்டு ஓட்டுகிறேன்.
பாபநாசத்திலிருந்து தஞ்சாவூர்,
திரும்புகையில் காலி வண்டி.
குடமுருட்டிப் பாலத்தில் சைரனை நிறுத்துவேன்.
பெயரிலேயே சத்தத்தை வைத்துக்கொண்டு
ஆறு சத்தமில்லாமல் போய்க்கொண்டிருக்கும்.
விடிந்து வந்து படுத்தால்
பக்கத்து வீட்டு ஜெய்த்தூன் அக்காவுக்கு
அப்போதுதான் மாவு தொடங்கும்.
முதல் ஈடு உளுந்து. பரவாயில்லை,
அதுவே கொழகொழவென்று ஒரு தூக்கம் மாதிரி.
அரிசி விழுந்ததும்தான்
கட்டில் கால் வழியாக முதுகெலும்புக்கு ஏறும்.
நடுவில் குக்கர்.
நடுவில், போனுக்குள் யாரையோ
சுட்றா சுட்றா என்று கத்தும் அவள் பையன்.
எங்களுக்கு இடையே ஒற்றைக்கல் சுவர்.
வீட்டுக்காரர் செங்கல்லில் சிக்கனம்.

விரலிடையில் உருட்டி ஒல்லியாக்கி
காதுக்குள் விட்டுப் பிடித்திருந்தால்
மெல்ல ஊதி அடைத்துக்கொள்கிறது.
முதலில் பையன் போனான்,
பிறகு குக்கர், பிறகு அரிசி.
கடைசியில் நான் மட்டும் மிச்சம்.
எச்சில் விழுங்கினால் மதகு திறக்கிறது.
பல்லைக் கடித்தால் இரண்டாவது கியர்.
எத்தனையோ பேர் இதயத்தைப்
பின்னால் ஏற்றிக்கொண்டு ஓடியிருக்கிறேன்,
என்னுடையதை அன்றுதான் கேட்டேன்.
அவ்வளவு ஒழுங்காக இல்லை.

மூன்று நாள் கட்டைபோல் தூங்கினேன்.
அந்திக் கொசு கடித்துத்தான் எழுந்தேன்.
அலாரம் மக்கர் செய்கிறதென்று
சத்தத்தை இன்னும் கூட்டிவைத்தேன்.

நான்காம் நாள்
சுவர் என் தோளை இடித்தது.
மறுபடி இடித்தது.
காதிலிருந்து பிடுங்கினால்
தலைமாட்டில் போன் சைரனாய் அலறுகிறது.
வேறெதற்கும் எழமாட்டேன் என்று
நானே வைத்த சைரன்.

வாசலில் அக்கா, முழங்கை வரை மாவு.
"நாலு நாளா அரை மணி நேரம் அடிக்குது தம்பி.
வீட்டுக்குள்ளயே வண்டி வந்துடுச்சுன்னு
அத்தா செருப்பத் தேடுறாரு.
ஒங்களுக்கு மட்டும் எப்புடிக் கேக்கல?"

உள்ளங்கையை விரித்தேன்.
கூனி இறாலைப் பார்ப்பதுபோல் குனிந்து பார்த்தாள்.
"இதப் போட்டா கிரைண்டர் கேக்காதா?"
எதைச் சொல்லி மறைப்பது.
கேக்காதுக்கா.
திட்டுவாள் என்று நின்றேன்.

"எனக்கும் ரெண்டு வாங்கியாங்க.
பன்னெண்டு வருஷமா
அந்தச் சனியன் பக்கத்துலயே நிக்கிறேன்."

இப்போது ஆறு மணிக்குப்
பையன்தான் சுவரைக் குத்துகிறான்.
கிரைண்டர் காலையில் வழக்கம்போல் ஓடுகிறது.
அவளுக்கும் கேட்பதில்லை,
எனக்கும் கேட்பதில்லை.
சுவர் மட்டும்
லேசாக அதிர்ந்துகொண்டிருக்கிறது,
கை வைத்துப் பார்த்தால்.