கொட்டாவி

ரசீதுப் புத்தகத்தின் மேல் தூங்குவதால்
அதற்குப் பில்லு என்று பெயர்.
வைத்தது நானில்லை, அறை ஒன்பதில்
மூன்று மாதம் தங்கிய மால்டா பையன்.
காது ஆபரேஷன் முடிந்து
அவன் முதலில் கேட்ட சத்தங்களில்
இதன் கத்தலும் ஒன்று.

அப்போதெல்லாம் பசிக்குத்தான் கத்தும்.
இந்தச் சித்திரையில்
கொட்டாவிக்குக் கத்தியது.
வாய் பாதி திறக்கும்;
உள்ளிருந்து ஏதோ கடித்ததுபோல் துள்ளி
மேசைக்கடியில் ஓடி
முன்னங்காலால் தன் கன்னத்தையே அறையும்.
கிண்ணத்துக்கு வரும். முகரும்.
மீனைப் பார்த்துச் சீறும்,
மீன்தான் செய்தது என்பதுபோல.
ரசீதுகளில் ரத்தம் கலந்த எச்சில் வட்டம்.
ஒருவர் அதைக் காட்டி
ஐம்பது ரூபாய் குறைக்கச் சொன்னார்.

சைதாப்பேட்டை நஸீஹா டாக்டர்
துண்டில் சுற்றி, வாயைத் திறந்து
டார்ச் அடித்தார்.
ராணிப்பேட்டையில் அப்பா நின்ற தொட்டிக்கரையில்
உப்பிட்ட தோலின் உட்பக்கம்
இந்த நிறத்தில் இருக்கும்.
ஒரு சொட்டு ரத்தம். அட்டையில் இரண்டு கோடு.
"எப்பவோ சண்டையில கடி வாங்கியிருக்கு.
வைரஸ் போகாது. அதோட பல வருஷம் வாழலாம்.
பூனைக்குப் பூனைதான், உங்களுக்கு வராது."

ஊசி போட்டார். ஆறு வாரம் பில்லு ராஜா.
அடுத்த ஊசிக்கு மூன்று வாரம்.
அதற்கடுத்ததற்குப் பத்தே நாள்.
"இனிமே போட்டா சர்க்கரை வரும்" என்றார்.

முதலாளி ஏகாம்பரத்துக்கு
வைரஸ் என்ற சொல் மட்டும் எட்டியது.
"ஆஸ்பத்திரிக்கு வர்றவங்க தங்குற இடம்பா.
பாலாத்துக்கு அந்தாண்ட வுட்டுட்டு வா."

கட்டைப்பையில் போட்டு ஆட்டோ ஏறினேன்.
கீழே ஆறு என்ற பெயரில் மணல், சீமைக்கருவேலம்.
பை அசையவில்லை.
நடுப்பாலத்தில் ஒரே ஒரு அலறல்.
கொட்டாவி.
திருப்புங்க என்றேன்.
"இங்க எப்டி சார் திருப்பறது, நடுவுல கட்டை.
அந்தாண்ட போய்தான் வரணும்."
அப்படியே போனோம்.
காட்பாடி முனையில்
ஒரு டீ குடிக்கும் நேரம்
பையின் வாயை அவிழ்த்து வைத்திருந்தேன்.
அது இறங்கவில்லை.
முதலாளி சொன்னதை நான் செய்யவில்லை என்று
யாரும் சொல்ல முடியாது.

பல்லை எடுக்க வேண்டும் என்றார் டாக்டர்.
அதன் உடம்பு தன் பல்லையே
எதிரி என்று நினைக்கிறதாம்.
எடுத்தால் சண்டை ஓயலாம்,
சிலதுக்கு ஓயாது, அதையும் சொல்லிவிட்டார்.
ஒன்பதாயிரம்.
அறை பதினொன்றின் பதினெட்டு இரவு.
சீட்டுப் பணம் எடுத்தேன்.

வேர்த்துண்டு ஒன்றும் தங்கக் கூடாதென்று
இரண்டு முறை எக்ஸ்ரே.
கோரைப்பல் நான்கை விட்டுவைத்தார்.
மற்றதை மாத்திரை டப்பியில் போட்டுத் தந்தார்.
குலுக்கினால் அரிசிச் சத்தம்.

மயக்கம் தெளிந்த பில்லு
இரண்டு நாள் என் முகத்தில் விழிக்கவில்லை.
வலிமருந்துச் சொட்டைக் கன்னத்தில் விடும்போது
என் கட்டைவிரலைக் கோரைப்பல் மறக்கவில்லை.

அறை நாலில் சுக்லா தீதி
வாயில் கதிர்வீச்சுப் புண்ணான கணவருக்குச்
சோறும் மீனும் மிக்ஸியில் அடிப்பார்.
நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.
வாசலில் ஒரு மூடியில்
ஆறவைத்த கூழ் மட்டும் இருக்கும்.
ஒருநாள் அந்த அறை காலியானது.
மூடியைக் கழுவி வைத்திருக்கிறேன்.

ஆவணி. விடிகாலை இரண்டே முக்கால்.
ரயிலிலிருந்து இறங்கியவர்கள்
பெட்டிகளோடு மாடியேறி அடங்கிவிட்டார்கள்.
ரசீதுப் புத்தகத்தின் மேல்
பில்லு கால் நீட்டி
வாயை மெதுவாக, இன்னும், இன்னும் திறந்தது.
இளஞ்சிவப்பு. இடது மூலையில் மட்டும்
கொஞ்சம் சிவப்பு மிச்சம்.
காத்திருந்தேன்.
சத்தமில்லாமல் மூடிக்கொண்டது.

உங்களுக்கு வராது என்றாரே டாக்டர்;
என் வாயும் திறந்துகொண்டது,
தாடை நோக.
அதற்குள் அறை ஆறிலிருந்து
வெந்நீர் கேட்டார்கள்.