வாடகைக் கணக்கு

ஃப்ரீசர் பெட்டியை இறக்கி வைத்ததும்
நான் கேட்கும் முதல் கேள்வி:
“புள்ள எந்த ஊர்ல?”

சிங்கப்பூர் என்றால் ஒரு நாள் வாடகை.
துபாய்க்கும் அதேதான்.
“ஹூஸ்டன்” என்றாள் உண்ணாமலை.
விரல்கணுக்களில் எண்ணினேன்.
தோகா வரை பதினைந்து மணி நேரம்,
அங்கே நாலு மணி நேரம் உட்கார வேண்டும்,
சென்னைக்கு நாலரை,
மதுரை விமானத்துக்கு விடியும்வரை,
பிறகு திருப்பத்தூர் வழியாகக் கார்.
“ரெண்டு நாள். பாதி முன்பணம்.”

பத்தாவதோடு நின்றவன்தான்.
பூமி எவ்வளவு பெரிதென்று
கரண்ட் பில்லில் தெரிந்துகொண்டேன்.

கண்டனூரில் அன்றிரவு இரண்டு முறை மின்சாரம் போனது.
ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றும்போது
பந்தலில் ஒரு பையன் செல்போனை நீட்டினான்.
மஞ்சளாய்க் கொசு அளவு விமானம்
கடல்மேல் நகராமல் நின்றது.
“தொள்ளாயிரம் கிலோமீட்டர் வேகம்ணே.”
பெட்டிக்குள் மூன்று டிகிரி.
சாத்தப்பன் சாருக்கு அவசரமில்லை.

வைரவன் வந்தான்,
கழுத்துத் தலையணையைக் கழற்ற மறந்து.
கார்க் கதவிலிருந்து பெட்டி வரை
முப்பது அடி இருக்கும்.
வெகுநேரம் ஆனது.

கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தான்.
எடுக்காமலே என்னைப் பார்த்து
“எவ்வளவு ஆச்சு?” என்றான்.
நேரத்தைக் கேட்டானா, காசையா?
“நாப்பத்தோரு மணி நேரம்” என்றேன்.

அன்று மாலையே பள்ளத்தூரிலிருந்து அழைப்பு.
வண்டியில் ஏற்றும்போது பார்த்தேன்,
மூடிமேல் பிசுக்காய் ஐந்து விரல்.
ஈரத்துணியால் இருமுறை துடைத்தேன்.
அங்கே மகள் குவைத்தில்.
ஒரு நாள் வாடகைதான்.