எல்லை வரிசை

கொர்பியேர் சரிவில் செர்ஸ் காற்று எழுந்த நாளில்
மேற்குத் தோட்டத்து ஃபாப்ரெக்
மருந்தடிக்கக் கூடாது.
அடித்துவிட்டான்.

வேலியில்லை இடையில். ஒரு வண்டித்தடம்,
அதை ஒட்டி எங்கள் கரிஞான்,
இருநூற்றுப் பத்துக் கொடி, ஒரே வரிசை.

ஜூலையில் வந்த சான்றிதழ்க்காரர்
ஓர் இலையைக் கிள்ளி உறையில் போட்டார்.
பிறகு கடிதம்:
இந்த வரிசை மட்டும் முத்திரைக்கு ஆகாது.
பந்தியில் உட்கார்ந்தவனை
எழுப்பிவிட்டது மாதிரி இருந்தது.

ஒன்பது வருடம்
செம்பும் கந்தகமும் தவிர எதுவும் தெளிக்காமல்
முழங்காலிட்டுக் களை பிடுங்கினோம்
நானும் அண்ணன் கீலெமும்.
அந்த வரிசைக்கும் இதே முழங்கால்தான்.

செப்டம்பரில் அதைக் கடைசியாகப் பறித்தோம்.
தனிக் கூடை, தனித் தொட்டி.
"கூட்டுறவுக்கு ஊற்றிவிடு, ஒதீல்" என்றான் அண்ணன்.
நான் கேட்கவில்லை.
ஒரு பீப்பாய் தேறியது.
மூடியில் சாக்கட்டியால் ஒன்றும் எழுதவில்லை.

மார்ச்சில் குழாய்விட்டு உறிஞ்சிப் பார்த்தேன்.
நல்ல துவர்ப்பு. பின்னால் மெல்ல வரும்
பாறையிடுக்குத் தைம் வாசம்.
மற்ற பீப்பாய்களுக்கு இது குறைச்சலில்லை
என்பதுதான் எரிச்சல்.

அன்று மாலை ஃபாப்ரெக் வந்தான்,
டிராக்டருக்கு ஜாக்கி இரவல் கேட்டு.
வாசலிலேயே நின்றான், தொப்பியைக் கழற்றவில்லை.
ஒரு தம்ளர் நீட்டினேன்.

குடித்தான். நாக்கைச் சப்புக்கொட்டினான்.
"எந்தப் பக்கத்துத் திராட்சை?"

"எல்லையோரம்.
உன் கைங்கரியமும் இதில் இருக்கிறது."

ஜாக்கியைக் கீழே வைத்தான்.
வெகுநேரம் தம்ளரின் அடியையே பார்த்தான்.
பிறகு
இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னான்.