விளிம்பில் ஏறிய சாயம்

அருங்காட்சியகத்திலிருந்து வாஸ்கு வந்திருக்கிறான்.
என் அலமாரியைத் திறக்கும் முன்
வெள்ளைக் கையுறை மாட்டிக்கொள்கிறான்,
பிரசவம் பார்க்க வந்தவனைப் போல.

முப்பத்தொரு வருடம்.
போர்த்தோவில் அன்றைக்கும் இதே நவம்பர் மழை.
திரையரங்க வாசலில் விரித்திருந்தது
ஏதோ ஓட்டல்காரன் வாடகைக்குத் தந்த கம்பளம்,
மலிவுச் சிவப்பு.
இருபது இருபத்திரண்டு அடி நடந்திருப்பேன்.
விளக்கடியில் நின்று குனிந்து பார்த்தால்
வெள்ளைப் பட்டின் விளிம்பு
சாண் உயரத்துக்கு ஊறிச் சிவந்திருக்கிறது.
எல்லாருக்கும் சாயம் வெளுக்கும்.
எனக்கு ஏறியது.

"வேண்டுமென்றே செய்ததுதானே?" என்கிறான்.
காட்சிப் பலகைக்கான வாசகம்கூடத் தயார்:
மத்தோசின்யோஸ் மீன் ஆலைகளில்
டப்பாத் தகரம் கிழித்த
பெண்களின் குருதி.
அப்படியொருத்தியாகத்தான் நடித்தேன்.
படத்தின் பெயரை மட்டும்
இரண்டு முறை தப்பாகச் சொல்கிறான்.

நான் காப்பி ஊற்றுகிறேன்.

ஆடை இரவல், வாஸ்கு.
காலை பத்து மணிக்குள் லிஸ்பனுக்குத் திரும்ப வேண்டியது.
என்னிடமிருந்த ஒரே கறுப்பு உடையை
அன்று மதியம்தான் தங்கைக்குக் கொடுத்திருந்தேன்.
இரவல் சேலையை நம்பி
இடுப்புத் துணியை எறிந்த கதை.
வரும் வழியில், பாலத்தின் நடுவில்,
முதுகில் ஜிப் பிளந்தது.

செலெஸ்த் படப்பிடிப்பில் எங்களுக்கு
மேலங்கி தைத்தவள்.
வாயில் ஊசி, மடியில் டார்ச் விளக்கு.
டாக்ஸியின் பின்சீட்டில் என்னைக் குப்புறக் கிடத்தி
ஆடையை என்மீதே வைத்துத் தைத்தாள்.
"மூச்சை விடாதே" என்றாள்.
பிறகு, "விடு."
பிறகு, "இவ்வளவு விடாதே."
ஒரு வேகத்தடை.
ஊசி உள்ளே போனது.
நான் கத்தினேன், ஓட்டுநர் மன்னிப்புக் கேட்டார்,
செலெஸ்த் தைப்பதை நிறுத்தவில்லை.

என் பெயரைக் கூப்பிட்டபோது
எழுந்திருக்கத்தான் பயம்.
மேடையில் நான் சொன்னது மூன்று சொல்.
மறுநாள் ஒரு நாளிதழ் எழுதியது:
'எத்தனை கண்ணியமான சுருக்கம்!'
நான்காவது சொல்லுக்குத் தையல் இடம் தரவில்லை, அவ்வளவுதான்.
செலெஸ்தின் பெயர் அந்த நான்காவது சொல்.

கறைபட்ட ஆடையை அவர்கள் திரும்ப வாங்கவில்லை.
விலைச்சீட்டு வந்தது.
அந்தப் படத்துக்கு வாங்கிய சம்பளத்தைவிட அதிகம்.
பதினாறு தவணை.
ஏழாவது தவணை கட்டப் போன அன்று
அதே கடையின் கண்ணாடிக்குள்
வரிசையாக ஐந்து பொம்மைகள்,
ஐந்துக்கும் விளிம்பில் சிவப்பு.
'இந்த வசந்தத்தின் புதுமை.'
ரசீதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு
கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன்.
நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

இதையெல்லாம் வாஸ்குவிடம் சொன்னேனா?
பாதி சொன்னேன்.
காப்பி ஆறியது. குறிப்பேட்டில்
'டாக்ஸி' என்று எழுதி அடிக்கோடிட்டான்.
பலகையில் அந்த வாசகம் அப்படியே இருக்கும், தெரியும்.
இருக்கட்டும்.
ஆலைப் பெண்களுக்கும்
யாராவது ஒரு பலகை வைக்க வேண்டியதுதானே.

பெட்டியில் மடித்து எடுத்துப் போனான்,
கைக்குழந்தையைத் தூக்குவது போல.

மூன்று வாரம் கழித்துத் தொலைபேசி.
"உள் துணியில் ஒரு கறை, அம்மா,
முதுகுப் பக்கம், மிளகளவு, பழுப்பாக.
வெளியே தெரியாது.
சுத்தம் செய்துவிடட்டுமா?"

கழிவறையில் அன்றிரவு
செலெஸ்த் பிளேடால் ஒவ்வொரு தையலாய் அறுத்தாள்.
விருது, கைகழுவும் தொட்டியில் சாய்ந்து கிடந்தது.
கடைசி நூல் விட்டதும்
எனக்குள் போன காற்று.
இருவரும் சிரித்த சிரிப்பில்
யாரோ கதவைத் தட்டினார்கள்.

"அம்மா? கேட்கிறதா?"

கேட்கிறது, வாஸ்கு.
அதைத் தொடாதே.