பக்கம் பதினான்கில் ஒரு பேய்

டொராண்டோ. நான்காம் மாடி. ஜன்னலில்லாத அறை.
பிப்ரவரி எங்கள் பூட்ஸிலிருந்து உருகி
கம்பளத்தில் கறுப்பாகிறது.
கேட்பவர் ஒருவர், கேட்கப்படுபவர் ஒருவர்,
நடுவில் மணிக்கணக்கில் வாடகைக்கு வந்த
தொண்டை நான்.

"அதிகாரியை நீங்கள் மிஸ்லீட் செய்தீர்களா?"

நெய்வேலியில் எட்டாம் வகுப்பில்
இதன் இறந்தகால வடிவத்தை
மைசில்டு என்று நான் சத்தமாக வாசிக்க
வகுப்பே சிரித்தது.
மிஸ், லெட். தப்பான வழியில் கூட்டிப்போனது.
கூட்டிப்போனதுதான், என்னையும்.

தமிழில் என்ன சொல்ல?
ஏமாற்றினீர்களா என்றால் அதற்குள் ஒரு மனசு வேண்டும்,
முதல்நாள் இரவே போட்டுவைத்த கணக்கு வேண்டும்.
பொய் சொன்னீர்களா என்றால்
பொய்யாக ஒரு வாக்கியமாவது வேண்டும்.
இந்த வினைக்கு இரண்டும் வேண்டாம்.
பனி மூடிய கைகாட்டி செய்யும் இதை.
முழுக்க உண்மையான ஒரு வாக்கியமும் செய்யும்,
சரியான இடத்தில் நிறுத்திக்கொண்டால்.

"பிழையான எண்ணம் வரும்படி ஏதும் சொன்னீங்களா?"

யோகமலர் அதிகாரியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.
"நானோ?
என்னையெல்லோ ஏஜென்சிக்காரன் பேய்க்காட்டினவன்."

தீர்ப்புச் சொல்ல வேண்டிய உறுப்பினர் கோப்பைத் திருப்பினார்.
பக்கம் பதினான்கு. முதல் விசாரணை, தொலைபேசி வழியாக.
அச்சடித்த ஆங்கிலத்தில்:
ஏஜென்ட் எனக்கு ஒரு பேயைக் காட்டினார்.
மனுவில் பேய் இல்லை.
ஆகவே முரண்பாடு.
எந்தப் பேய், எந்த நாட்டில், யார் சாட்சி?

எங்கள் பக்கம் காது குத்துவார்கள்,
அல்வா கொடுப்பார்கள், பட்டை நாமம் சாத்துவார்கள்.
யாழ்ப்பாணத்தில் பேய்க்காட்டுவார்கள் என்று
எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஸ்கார்பரோ மீன்கடை.
"பழசைத் தந்து பேய்க்காட்டாதையும்" என்று
விளைமீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே
ஒருவர் கத்தினார்.
அது நான் வந்து இரண்டு வருஷம் கழித்து.

பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில்,
மொழிபெயர்ப்பாளர் எண் 4471.

முதல் குளிர்காலத்து நான்.
அபார்ட்மென்ட் சமையலறை, காதில் ஹெட்ஃபோன்,
குக்கர் மூன்றாவது விசிலுக்குத் தயாராக,
அந்தப் பக்கம் யாரோ ஒரு பெண் அழுதபடி ஏதோ சொல்ல,
பேய் என்றால் பேய்தானே.

எழுந்து நின்றேன்.
"மொழிபெயர்ப்பாளர் தரப்பில் ஒரு விளக்கம்.
அது வட்டார வழக்கு. அதில் பேய் கிடையாது.
ஏமாற்றினான் என்றுதான் பொருள்.
முந்தைய மொழிபெயர்ப்பில் பிழை இருக்கிறது."

ஒவ்வொரு சொல்லும் உண்மை.
செய்தது யார் என்கிற இடம் மட்டும் காலி.
தோன்றா எழுவாய் என்பார்கள் இலக்கணத்தில்;
எட்டாம் வகுப்பில் அதை மட்டும்
நான் பிழையில்லாமல் ஒப்பித்திருந்தேன்.

உறுப்பினர் தலையசைத்தார்.
பேனா ஒரே கோட்டில் பேயை அடித்தது.

லிஃப்டுக்குக் காத்திருக்கையில் யோகமலர்
என் கையைப் பிடித்துக்கொண்டார். உள்ளங்கை ஈரம்.
"நல்லகாலம், இண்டைக்கு நீர் வந்தது, பிள்ளை.
முந்தி ஒருத்தி, ஃபோனிலை.
அவளுக்குத் தமிழே தெரியாது."

ம், என்றேன்.

கீழே வரவேற்பில் சம்பளப் படிவம்.
இரண்டு மணி நாற்பது நிமிடம்.
எண் கேட்ட கட்டத்தில் எண்ணை எழுதினேன்.
ஏழுக்குக் குறுக்கே சின்னதாக ஒரு கோடும் போட்டேன்,
ஒன்று என்று யாரும்
தப்பாக வாசித்துவிடக் கூடாது பாருங்கள்.