விலக்கு

மூன்று நாள் வேலை. எழுபத்திரண்டு மணி நேரம்.
திருமங்கலம் தாண்டி, சுண்டாங்குளம் விலக்கில்
ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு குடை, ஒரு பரீட்சை அட்டை.
நாலு கோடு போட்டுக் குறுக்கே ஒன்று இழுத்தால்
ஐந்து வண்டி.

படிவத்தில் எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு.
லாரிக்கு அச்சு வாரியாக மூன்று,
ஆம்னி பஸ், அரசு பஸ், டிராக்டர்,
மூன்று நாளும் வராத மாட்டு வண்டிக்கும் ஒன்று.
நிற்கிறவர்களுக்கு இல்லை.

எங்கள் பக்கம் ஊருக்குப் பிரிகிற இடத்தின் பெயர் விலக்கு.
விலக்கி வைத்ததற்கும் அதே சொல்தான்.

சாலை நடுவே அரளி, வரிசை பிசகாமல்
விருதுநகர் வரை பூத்துக்கொண்டே போகிறது.
விலக்குக்கு நேரே மட்டும்
ஓர் ஆள் அகலத்துக்கு ஒடிந்து
மண் தேய்ந்து பளபளத்துக் கிடந்தது.
வரைபடத்தில் அந்த வழி கிடையாது.
வரைபடப்படி, கடக்க வேண்டிய இடம்
வடக்கே ஒண்ணே கால் கிலோமீட்டர்.
பள்ளிக்கூடம் எதிர்ப்பக்கம். ரேஷன் கடை எதிர்ப்பக்கம்.
எந்தப் பக்கம் நின்றாலும்
பஸ் எதிர்ப்பக்கம்.

இரண்டாம் நாள் தாளைத் திருப்பிப் போட்டு
பின்பக்கம் எழுதத் தொடங்கினேன், யாரும் கேட்காமலே.

காலை 6.10. பால் கேனுடன் ஒருவர். ஐம்பது வினாடி.
7.40. யூனிபார்ம் பிள்ளைகள் ஒன்பது.
பெரியவள் இரண்டு கையையும் விரித்து
மற்றவர்களை அணை போட்டு வைத்திருக்கிறாள்.
இரண்டு நிமிஷம்.
11.15. ஒச்சம்மாள், டி.வி.எஸ். ஐம்பதில் புல்லுக்கட்டு.
பாதி கடந்து அரளிக்குள் நின்றாள்.
கட்டின் நுனிப் புல்லைக்
கொஞ்சம் வாரிக்கொண்டு போனது ஒரு கண்டெய்னர்.
திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தண்ணீர் குடிக்கக் குடைக்கு வந்தபோது சொன்னாள்:
"ஆடிக்கு முன்னாடி எங் கொழுந்தன
இந்த எடத்துலதான் பொறுக்குனோம்."
அந்தச் சொல்லை நான் எழுதவில்லை.

மூன்றாம் நாள் ஜீப்பில் வந்தார்
உதவிப் பொறியாளர் மெகர் நிஷா.
கையில் வரைபடம், அதில் இதே இடத்தில்
ஒன்றன்மேல் ஒன்றாக ஏழு சிவப்புப் புள்ளி.
"கம்பி வேலி போட்டு அடைச்சிருவோம் மேடம்,
ஒரு நாள் வேலை" என்றார் கான்ட்ராக்டர்.
நான் தாளைத் திருப்பி நீட்டினேன்.
வெயிலில் நின்றபடியே படித்துவிட்டுக் கேட்டார்:
"அந்த டி.வி.எஸ். இப்ப வருமா?"

வந்தது. ஓரங்கட்டி டேப் பிடித்தோம்.
வண்டி ஆறடி இரண்டங்குலம்.
கட்டு, குறுக்கே ஐந்தே முக்கால்.
ஜாக்கெட்டுக்கு அளவெடுப்பது போல
ஒச்சம்மாள் கூசினாள்.

ஜீப் பானெட்டில் தாளை விரித்து வரைந்தார்.
நடுவில் ஒரு மேடை, வருகிற வண்டியின் முகம் பார்த்துத் திரும்பி நிற்கிற மாதிரி.
அதற்கு முன்னே சாலையின் முதுகு கொஞ்சம் உயரணும்.
பஸ் விலக்கைத் தாண்டி நிற்கணும். விளக்கு, கட்டாயம்.
"ஜனங்க ஒழுங்கா இருந்தா இதெல்லாம் எதுக்கு?"
கான்ட்ராக்டர் முனகினார்.
பென்சிலை எடுக்காமல் அவர் சொன்னது:
"தப்பே பண்ணாத ஆளுக்குத்தான் ரோடுன்னா
அதுல யாரும் ஏற முடியாதுங்க."

பத்து மாதம் கழித்து
வேறோர் எண்ணிக்கைக்கு அந்த வழியே போனேன்.
விலக்குக்கு முன்னே டிரைவர் கியரை இறக்கினார்,
ரோடு போட்டவனை வம்சத்தோடு திட்டிக்கொண்டு.
வசவு அவ்வளவு இனிக்கும் என்று தெரியாது.
நடுமேடையில், மஞ்சள் வெளிச்சத்தில், ஒரு டி.வி.எஸ்.
அவளா வேறு யாருமா, பிடிபடவில்லை.
ஒரு காலை ஊன்றிக் காதைக் குடைந்தபடி
சும்மா நின்றிருந்தாள்.

கட்டு மட்டும் அரைச்சாண் வெளியே நீட்டியிருந்தது.
சோளத்தட்டை. நாங்கள் அளந்தது புல்.
டிக்கெட்டின் பின்பக்கம்
குறித்துக்கொண்டேன்.