வெற்று எடை

புளியரைக்கு இந்தப்பக்கம்
கடைசி எடைமேடை எங்களுடையது.
தாண்டினால் சாவடி, பிறகு மலை,
பிறகு என்னைச் சேச்சி என்று கூப்பிடுகிற ஊர்கள்.

காலையில் கம்ப்யூட்டர் பொத்தானை அமுக்கிவிட்டுப்
பால் வாங்கப் போவேன்.
காய்ச்சி, ஆற்றி, குடித்து, டம்ளரையும் கழுவிவிட்டால்
திரை எழுந்து நிற்கும்.
தேதி மட்டும்
ஒன்று ஒன்று இரண்டாயிரத்து ஒன்பது.

உள்ளே ஒரு சின்ன செல் செத்துக் கிடக்கிறது.
அணைத்தால் அந்த ஜனவரிக்கே ஓடிவிடுகிறது பெட்டி.
அந்த ஜனவரியில் எனக்குக் கல்யாணம் இல்லை,
கடன் இல்லை, இங்கே மேடையும் இல்லை,
கருவேலம் மட்டும்.
தினமும் நான்தான் அதை
விரலால் தட்டித்தட்டி
இன்றைக்குக் கூட்டிவருவேன்.

போன செவ்வாய் மறந்துவிட்டேன்.

சஜீவனின் வைக்கோல் லாரி.
மொத்தம் 13,480. வெற்று எடை 7,200.
நிகரம் 6,280. எல்லாம் சரி.
தேதிக்காகச் சாவடியில் இரண்டு மணி நேரம்
நிறுத்தி வைத்தார்களாம், கொட்டுகிற சாரலில்.
வேறு சீட்டுக்குத் திரும்பி வந்து ஏறினான்.
13,560.
எண்பது கிலோ மழை.

"சேச்சி, இந்தச் சீட்டுப்படி நான் எட்டாம் கிளாஸ்."
சிரித்துக்கொண்டு சொல்லவில்லை.

தென்காசியிலிருந்து ரசூல் மைதீன் வந்து
பெட்டியைத் திறந்தான்.
சிமெண்டுத் தூசி, வைக்கோல் தூசி,
ஒரு பல்லிமுட்டை ஓடு.
"எஸ்எஸ்டி ரெண்டாயிரத்து நூறு,
ரேம் ஆயிரத்து நானூறு, ஃபேன் முந்நூறு,
கூலி நீங்க பாத்துக் குடுங்க. பறக்கும்க்கா."
கொஞ்சம் ஊதிவிட்டு,
"எத்தனை நாளைக்குன்னு மட்டும் கேக்காதீங்க."

புதுசு முப்பத்தோராயிரம்.
புதுசில் அந்த ஒன்பது ஊசித் துளை கிடையாது.
எடை வருவதே அந்தத் துளை வழியாகத்தான்.
இடையில் ஒரு ஒயர் போடலாமாம்.
எப்போதாவது ஒரு இலக்கத்தை விழுங்குமாம்.
எந்த இலக்கம் என்று கேட்டேன்.
பூஜ்ஜியம் ஒன்று தொலைந்தால்
பத்து டன் ஜல்லி ஒரு டன் ஆகிவிடாதா?

பங்காளி கிறிஸ்துதாஸ் போனில்:
"ஓட்டைக் குடத்துக்கு ஈயம் பூசாதே."
அவருக்கென்ன, புதுசென்றால் தவணை கிடைக்கும்.
பழசைச் சரிபார்க்க எந்த பேங்கும் கொடுப்பதில்லை,
அது கைக்காசு, என் கைக்காசு.

சீட்டின் முதுகில் கணக்குப் போட்டேன்.
மொத்தம் எழுதினேன்.
எதை வெற்று எடை என்று கழிப்பது?
தினம் காத்திருக்கும் கால்மணி நேரத்தையா,
விற்றால் வராத விலையையா,
புதுசு வந்தும் போகாத பயத்தையா?
நிகரம் எழுதவில்லை.

கடையில் வைத்துப் பார்க்கிறேன் என்று
ரசூல் பெட்டியை பைக்கின் பின்னால் கட்டினான்.
மேடை மேலேதான் வெளியே போகும் வழி.
சிவப்பு எண்கள் 180 காட்டின.
"கொஞ்சம் நில்லு, அதை இறக்கி வச்சிட்டு
இன்னொரு தடவை ஏறு."
180.

இருபது கிலோவுக்குக் கீழே
இந்த மேடைக்குக் கண் தெரியாது.
எனக்குத்தான் மூன்று ராத்திரியாகக் கனம்.

"ரசூல், அந்தச் செத்த செல்லு எவ்வளவு?"
"நாப்பது ரூவா."
"அதை மட்டும் மாத்து இப்போ."
அவன் முகத்தில் கூலி சுருங்கியது.
ஐந்நூறு கொடுத்தேன், போய்விட்டான்.

மறுநாளும் அதே மெதுவு.
பால் வாங்கி, காய்ச்சி, குடித்து வந்து பார்த்தால்
நான் கூட்டிவராமலே
வியாழக்கிழமைக்கு வந்து உட்கார்ந்திருந்தது.
தேதி அடிக்கப் போன விரல்
கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.

முப்பத்தோராயிரம் எழுதிய தாள்
கீபோர்டுக்கு அடியில் இருக்கிறது.
சாரல் முடியட்டும்.

ஹாரன். சஜீவன்.
சீட்டை வெளிச்சத்துக்குப் பிடித்து,
தேதியை மட்டும் வாய்விட்டுப் படித்தான்.
"பாஸ்" என்றேன்.